திறக்கப் பூட்டு இல்லாத சாவிகள்

ஹாஸ்டலில் என் கட்டிலுக்கு அடியில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அதைத் திறந்து பார்த்த எல்லாரும் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்: "மச்சி, இதெல்லாம் எந்த வீட்டுச் சாவிடா?" அடுத்த கேள்வியைக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு கேட்பார்கள்: "ராத்திரியில நீ எங்கடா போற?"

டின்னில் மொத்தம் 43 சாவிகள். ஒன்றுக்குக்கூடப் பூட்டு கிடையாது. ஸ்டாம்பு சேர்ப்பவனையும் பழைய நாணயம் சேர்ப்பவனையும் யாரும் சந்தேகப்படுவதில்லை. சாவி சேர்ப்பவனுக்கு மட்டும்தான் இந்த மரியாதை! ஆஸ்திரியா நாட்டில் கிராஸ் என்ற ஊரில் ஹன்ஸ் ஷெல் என்பவர் சேர்த்த பூட்டு, சாவி, இரும்புப் பெட்டிகளுக்கென்றே தனி அருங்காட்சியகம் இருக்கிறது. உலகம் முழுவதிலிருந்தும் போய்ப் பார்க்கிறார்கள். நம்முடையது பிஸ்கட் டின். ஆரம்பம் என்னவோ இரண்டுக்கும் ஒன்றுதான்.

இந்தச் சாவிகள் எங்கிருந்து வந்தன என்றால், எல்லாம் நம்ம ஏரியாதான். சிங்கப்பெருமாள் கோயில் - ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வண்டலூர் - வாலாஜாபாத் சாலையும் வெட்டிக்கொள்ளும் ஒரகடம் கூட்ரோடு எப்படி இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவர ஆரம்பித்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனால்ட் - நிஸான் ஆலை, 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன. சிப்காட் வந்தது, ரோடு அகலமானது. நிலம் கொடுத்த ஊர்களில் ஓட்டு வீடு போய் மாடி வீடு வந்தது. சில இடத்தில் வீடே போனது. வீட்டை இடிக்கும்போது ஓடு, உத்திரம், கதவு, ஜன்னல் கம்பி எல்லாவற்றுக்கும் விலை உண்டு. சாவிக்குக் கிடையாது. அது காயலான் கடைக்கு வந்து, இரும்போடு இரும்பாக எடைக்குப் போகும். இன்பிளான்ட் டிரெயினிங் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் அந்தக் குவியலைக் கிளறி ஒவ்வொன்றாகப் பொறுக்கியதுதான் என் சேகரிப்பு. கடைக்காரர் முதலில் காசு வாங்கினார். பிறகு, "எடுத்துக்கினு போ தம்பி, ஒரு டீ வாங்கிக் குடு" என்றுவிட்டார்.

முதல் சாவி மட்டும் காயலான் கடையில் கிடைத்ததில்லை. அது எங்க ஆயாவின் சாவி. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஏமாந்த கதை

பழைய சாவிக்கு இப்போது ஒரு மவுசு வந்திருக்கிறது. செயினில் டாலராகக் கோத்துப் போடுகிறார்கள். காதில் குட்டிச் சாவி தொங்குகிறது. பலகையில் வரிசையாக அடித்து ஹோட்டல் சுவரில் மாட்டுகிறார்கள். "ஆன்டிக் லுக்", "விண்டேஜ் மாடல்" என்று போர்டே வைத்து விற்கிறார்கள். இதைக் கேலி செய்ய நான் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் சாவியை நகையாகப் போடும் பழக்கம் நமக்குப் புதிதே இல்லை. சேலை மடிப்பில் இடுப்போரம் செருகும் வெள்ளிச் சாவிக்கொத்துக் கொக்கியை நகைக்கடைகளில் இன்றைக்கும் பார்க்கலாம், மயில், அன்னம் என்று டிசைனோடு. மாமியார் சாவிக்கொத்தை மருமகள் கையில் கொடுத்தால் வீட்டு நிர்வாகமே கை மாறியதாக அர்த்தம். நம் பாட்டிமார் அலங்காரத்தையும் அதிகாரத்தையும் ஒரே கொக்கியில் மாட்டியிருந்தார்கள். அந்தச் சாவி எதையாவது திறந்தது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

சென்னையில் ஒரு கடையில் நானும் ஒரு சாவி வாங்கினேன். உள்ளங்கை நீளம், தலையில் கிரீடம் மாதிரி வேலைப்பாடு, லேசான பச்சைக் களிம்பு வேறு. "வெள்ளைக்காரன் காலத்து ஜெயில் சாவி தம்பி, பித்தளை" என்றார் கடைக்காரர். பேரம் பேசி 350 ரூபாய்! மெஸ் பில் கட்ட வைத்திருந்த பணம். அன்று இரவு டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தபோது சாவியின் ஓரம் முழுக்க மெல்லிய ஒரு கோடு தெரிந்தது. ஃபவுண்டரி லேப்பில் பார்த்திருக்கிறோமே, இரண்டு அச்சுப் பாதிகள் சேரும் இடத்தில் விழும் பார்ட்டிங் லைன், அதேதான். வயிற்றைக் கலக்கியது.

மறுநாள் ஃபிசிக்ஸ் லேப்பில் சாரிடம் கெஞ்சி ஆர்க்கிமிடிஸைக் கூப்பிட்டேன். சாவியின் எடை 68 கிராம். தண்ணீரில் நூலில் தொங்கவிட்டு நிறுத்தபோது குறைந்த எடை 10.2 கிராம், அதாவது கன அளவு 10.2 சி.சி. வகுத்தால் 6.7 வருகிறது. பித்தளையின் அடர்த்தி 8.4-க்கு மேல். இரும்பு 7.8-ஐ ஒட்டி இருக்கும். 6.6, 6.7 என்றால் அது துத்தநாகக் கலவை, டை காஸ்டிங் செய்து மேலே பித்தளைக் கலர் ஏற்றியது. ஓரத்தில் அரத்தால் ஒரு இழு இழுத்தேன். உள்ளே வெள்ளை வெளேர் என்றிருந்தது. எந்த ஜெயில் கதவும் அந்தச் சாவியைப் பார்த்திருக்காது. முதல் வருஷம் "இந்தச் சோதனையெல்லாம் எதுக்குடா?" என்று ரெக்கார்டு எழுதினோமே, அதற்கு 350 ரூபாய்க்குப் பதில் கிடைத்தது.

உங்களில் யாராவது வாங்குவதாக இருந்தால், கையில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு என்று சொல்லி விற்பது ஒட்ட வேண்டும், பித்தளை ஒட்டக் கூடாது. அடுத்து தேய்மானத்தைப் பாருங்கள். நிஜமாக உழைத்த சாவி இரண்டு இடத்தில் தேய்ந்திருக்கும். பல்லின் முனைகளில் ஒன்று, தலையில் வளையம் உரசும் உள்பக்கத்தில் ஒன்று. துரு எல்லா இடத்திலும் ஒரே சீராக, பவுடர் பூசினமாதிரி இருந்தால் நம்பாதீர்கள். உப்புத் தண்ணீரில் போட்டால் சில நாளில் அந்தத் துரு வந்துவிடும். தேய்ந்த இடத்தில் துரு கம்மி, மூலையில் ஜாஸ்தி, அதுதான் இயற்கை.

அழகுக்கு வாங்குகிறவர் தாராளமாகப் புதுசையே வாங்கலாம், தப்பில்லை. புதுசின் விலையில் வாங்க வேண்டும், அவ்வளவுதான். மலிவான முலாம் பூசிய டாலரைக் கழுத்தில் போட்டு அரிப்பு வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். முலாமில் இருக்கும் நிக்கல் சில பேர் தோலுக்கு ஆகாது.

சாவியைப் படிப்பது எப்படி?

இனி நம்ம சப்ஜெக்ட். பழைய சாவிக்கு மூன்று பாகம். கையில் பிடிக்கும் தலை, நீளமான தண்டு, நுனியில் கொடி மாதிரி நிற்கும் பல். தலை எவ்வளவு அழகாக இருந்தாலும் பூட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது. விஷயமெல்லாம் பல்லில் இருக்கிறது. பூட்டு தொலைந்துபோனாலும் அதன் உள்புறப் படத்தைச் சாவியின் பல்லில் பாதி பார்த்துவிடலாம்.

பழைய முறையில் பூட்டுக்கு உள்ளே அசையாத தடுப்புகள் வைத்திருப்பார்கள். சாவியின் பல்லில் அந்தத் தடுப்புகளுக்கு நேராக வெட்டு இருக்கும். வெட்டு சரியாக இருந்தால் சாவி தடுப்பில் இடிக்காமல் சுற்றும், பூட்டு திறக்கும். இதில் ஒரு பெரிய ஓட்டை. பல்லில் பெரும்பகுதியை அரத்தால் அராவி எடுத்துவிட்டு, தாழைத் தள்ளும் நுனியை மட்டும் விட்டுவைத்தால், இடிப்பதற்கு எதுவுமே இல்லையே! ஒரே சாவி பத்துப் பூட்டைத் திறக்கும். சினிமாவில் வில்லன் வைத்திருக்கும் மாஸ்டர் சாவி இதுதான்.

இதற்கு மருந்து லீவர் பூட்டு. 1778-ல் இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். உள்ளே தகடு தகடாக லீவர்கள், ஒவ்வொன்றையும் ஒரு ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொரு லீவரிலும் ஒரு வழி வெட்டியிருக்கும். தாழோடு சேர்ந்த ஒரு சின்னக் கட்டை அந்த வழிகளில் நுழைந்தால்தான் தாழ் நகரும். சாவியைத் திருப்பும்போது பல்லிலுள்ள படிகள் ஒவ்வொரு லீவரையும் ஒவ்வொரு உயரத்துக்குத் தூக்குகின்றன. எல்லா வழியும் ஒரே நேர்க்கோட்டில் வந்தால் கட்டை நுழையும். ஒரு லீவர் கம்மியாகத் தூக்கினாலும் திறக்காது, அதிகமாகத் தூக்கினாலும் திறக்காது. அந்த "அதிகமாகத் தூக்கினாலும்" என்பதுதான் பாரன் செய்த புதுமை.

ஆகவே சாவியைக் கையில் எடுத்ததும் பல்லின் வெளி ஓரத்தைப் பாருங்கள். ஓரம் நேராக இருந்து, பக்கவாட்டில் மட்டும் வெட்டு இருந்தால் அநேகமாகத் தடுப்புப் பூட்டு. ஓரம் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கினால் லீவர் பூட்டு. தாழை நகர்த்த ஒரு படி போக, மீதிப் படிகளை எண்ணினால் எத்தனை லீவர் என்று தெரிந்துவிடும். ஒரு படிக்கு 5 விதமான உயரம் சாத்தியம் என்று வையுங்கள். 6 லீவர் பூட்டுக்கு 5-ஐ ஆறு தடவை பெருக்கினால் 15,625 வித சாவி. 7 லீவர் என்றால் 78,125. ஒரு லீவர் கூடினால் ஐந்து மடங்கு!

இதையும் திறந்த ஆள் உண்டு. 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சிக்கு ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுக்காரர் வந்தார். திறக்கவே முடியாது என்று பேர் வாங்கியிருந்த சப் கம்பெனி லீவர் பூட்டை 25 நிமிஷத்தில் திறந்தார். அடுத்து பிராமா கம்பெனியின் பூட்டு. "இதைத் திறக்கிறவருக்கு 200 கினி" என்று எழுதி 1790 முதல் கடை ஜன்னலிலேயே வைத்திருந்தார்கள். 16 நாளில் பரவிய 51 மணி நேர வேலையில் அதையும் திறந்து பரிசை வாங்கிவிட்டார். லண்டனே ஆடிப்போனது. நம்ம பர்ஸில் கிடக்கும் தட்டைச் சாவி அதற்குப் பிறகு வந்தது. லைனஸ் யேல் ஜூனியர் 1860-களில் கொண்டுவந்த பின் டம்ளர் பூட்டின் வம்சம். அந்தப் பின் தத்துவம் எகிப்து மரப்பூட்டில் ஆயிரக்கணக்கான வருஷம் முன்பே இருந்தது என்பது வேறு கதை.

திண்டுக்கல்

என் டின்னில் இருக்கும் லீவர் சாவிகளில் பாதிக்கு மேல் கையால் அராவியவை. படிகளின் அடியில் அரத்தின் கோடு இன்னும் தெரிகிறது. இப்படிப்பட்ட சாவி என்றாலே தமிழ்நாட்டில் நினைவுக்கு வருவது திண்டுக்கல்தான். அங்கே சங்கரலிங்க ஆசாரி சகோதரர்கள் சுமார் 150 வருஷத்துக்கு முன் இந்தத் தொழிலை ஆரம்பித்ததாகச் சொல்கிறார்கள். நாகல் நகரும் சுற்றுப்பட்டிகளும் பூட்டுக்கே பேர் போனவை. மாங்காய் வடிவத்தில் இருப்பது மாங்காய்ப் பூட்டு, அதைத் தவிரச் சதுரப் பூட்டு, மறைவிசை தெரிந்தால்தான் சாவித் துவாரமே கண்ணில் படும் தந்திரப் பூட்டு, சாவியைத் திருப்பும்போது மணி அடிக்கும் மணிப் பூட்டு என்று ஏகப்பட்ட ரகம். கோயில், கிடங்கு, அரசாங்க அலுவலகம் என்று தொங்கிய பூட்டுகள் இவை. 2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கண்டாங்கிச் சேலைக்கும் அதே சமயம் கிடைத்தது.

முதல் செமஸ்டர் ஃபிட்டிங் ஷாப்பை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ஒரு வி-ஃபிட்டிங்கில் வெளிச்சம் தெரியாமல் இரண்டு துண்டைப் பொருத்த எத்தனை மத்தியானம் போனது! எனக்கு மூன்று ஜாப் வேஸ்ட். கைவேலைப் பூட்டுக்காரர் அதே வேலையை ஏழெட்டு மெல்லிய தகட்டில், ஒரு சாவியின் படிகளுக்குப் பொருத்தமாகச் செய்கிறார். அச்சில் அடித்து வருவதில்லை என்பதால் ஒரு பூட்டின் சாவி அடுத்ததைத் திறக்காது. அலிகாரிலிருந்து மெஷின் பூட்டு மலிவாக வந்து குவிந்த பிறகு இந்தத் தொழில் சுருங்கிவிட்டது. கூலி கட்டுப்படியாகவில்லை என்று பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் இங்கே ஒரகடத்தில் ஷிஃப்டுக்கு நின்றாலும் ஆச்சரியப்பட மாட்டேன். புவிசார் குறியீடு பேரைக் காப்பாற்றும். அரம் பிடிக்கும் கையை அது காப்பாற்றுமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

சாவியோடு நின்றுவிடாமல் கதவு, தூண் என்று போக ஆசைப்படுகிறவர்கள் காரைக்குடிக்குப் போவார்கள். முனீஸ்வரன் கோயில் தெரு முழுக்கப் பழம்பொருள் கடை. பாகப் பிரிவினையில் இடிபட்ட செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குக் கதவு, எனாமல் பாத்திரம், பூட்டு, சாவி எல்லாம் கிடைக்கும். போகிறவர் சட்டமும் தெரிந்துகொள்ள வேண்டும். 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று மதிப்புள்ள 100 வருஷத்துக்கு மேற்பட்ட பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, விற்கவும் லைசென்ஸ் வேண்டும். கோயில் சம்பந்தப்பட்டது என்று துளி சந்தேகம் வந்தாலும் கை வைக்காதீர்கள். சாவியாக இருந்தாலும் சரி. இன்னொன்று, சேர்த்த சாவியை "பொருந்துதா பார்ப்போம்" என்று எந்தக் கதவிலும் போட்டுப் பார்க்கக் கூடாது. ஹாஸ்டல் ஸ்டோர் ரூமில் நான் போட்டுப் பார்த்து வார்டனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது எனக்குத் தெரியும்.

சுத்தம் செய்வதில் பொறுமை வேண்டும். இரும்புச் சாவியை இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். எமரி பேப்பர் போட்டால் பளபளப்பு வரும், அரத்தின் கோடு போய்விடும். பித்தளைக்குப் புளி போட்டால் புதுசு மாதிரி ஆகும். அதனால்தான் போடக் கூடாது.

ஆயாவின் சாவி

எங்க வீடு ஒரகடத்திலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம். நான் பத்தாவது படிக்கும்போது ரோடுக்காக முன்பக்கம் போனது. மீதியை அப்பாவும் சித்தப்பாவும் இடித்துப் பிரித்துக்கொண்டார்கள். வாசக்கதவு நிலையோடு விலைக்குப் போனது, பூட்டும் அதிலேயே இருந்தது. வாங்கிப் போனவர்கள் சாவியைக் கேட்கவில்லை. ஆயா மட்டும் அதை இடுப்பில் செருகிக்கொண்டே இருந்தது, நாலு வருஷமாக. எனக்கு வேண்டும் என்று கேட்டபோது, "இன்னாத்துக்குடா உனக்கு? கதவே போயிட்ச்சி" என்றது. ஆனாலும் கொடுத்தது.

41 கிராம், அடர்த்தி 7.7. சொக்க இரும்பு. வெளி ஓரத்தில் நாலு படி, அப்படியென்றால் தாழுக்கு ஒன்று போக மூன்று லீவர். போன செமஸ்டரில் நானும் ரூம்மேட்டும் வெர்னியரில் படிகளை அளந்து, ஒர்க்‌ஷாப் கழிவுத் தகட்டில் மூன்று லீவர் வெட்டினோம். மேலே மூடி போடாமல் உள்ளே நடப்பது தெரிகிற மாதிரி ஒரு மாடல் பூட்டு. முதல் தடவை திறக்கவில்லை. அளவு தப்பா என்று பார்த்தால் அதில்லை. படிகள் தேய்ந்துபோன சாவி அது. பூட்டு புதுசாக இருந்தபோது இருந்த உயரத்தை நாங்கள் கணக்குப் போட்டு வெட்டிவிட்டோம், சாவியோ இப்போதைய உயரத்துக்குத்தான் தூக்குகிறது. வழிகளைத் தேய்மானத்துக்கு ஏற்ற மாதிரி அராவ இரண்டு சனிக்கிழமை ஆனது. ஸ்பிரிங்குக்குப் பழைய குடைக் கம்பி.

பொங்கல் லீவில் எடுத்துப் போனேன். ஆயா திண்ணையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டு சாவியைப் போட்டுத் திருப்பியது. மூன்று லீவரும் எழும்பி, தாழ் "டக்" என்று உள்ளே போனது. திரும்பப் பூட்டியது. திரும்பத் திறந்தது. நாலைந்து தடவை.

"சத்தம் அது இல்லடா" என்றது. "நம்ம கதவு இன்னும் கொஞ்சம் கனமா சொல்லும்."

பூட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டது. டின்னில் இப்போது 42.